முள் ஆடினால் குரல் போய்ச் சேருமா? சிபி ரேடியோ பட்டறைகளை எடைபோடும் விதம்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் உள்ள பெரிய டிரக் நிறுத்தங்களில் டீசல் பம்பு, உணவகம், குளியலறை எல்லாவற்றையும் தாண்டி ஓரமாக ஒரு சின்ன ரேடியோ கடை இருப்பதுண்டு. சில இடங்களில் அது சக்கரம் வைத்த வெறும் டிரெய்லர்தான். ‘பீக் அண்ட் டியூன் செய்து தரப்படும்’, அதாவது ரேடியோவை உச்சத் திறனுக்கு முறுக்கித் தருகிறோம் என்று வாசலில் பலகை தொங்கும். ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவைத் தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் சாப்பிடப் போவார். திரும்பி வரும்போது மேசைமேல் அவருடைய ரேடியோவும் பக்கத்தில் ஒரு வாட் மீட்டரும் இருக்கும். கடைக்காரர் மைக்கை அழுத்தி உரக்க ‘ஹலோ’ என்பார். முள் 20 வரை எகிறும். “வந்தப்போ 4 வாட்தான் இருந்துச்சு” என்பார். ஓட்டுநர் மனம் குளிர்ந்து காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்.

சில மாதங்களில் அதே ரேடியோ சூடு தாங்காமல் செத்துப்போகலாம். சாகாவிட்டால், பக்கத்துச் சானல்காரர்கள் எல்லோரும் திட்டும்படி இரைந்துகொண்டிருக்கலாம். எல்லாக் கடையிலும் இப்படி நடப்பதில்லை. பெட்டியைத் திறந்து முறையாக அளந்து, குறை எங்கே என்று கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்து தருகிற தேர்ந்த கைகளும் இதே தொழிலில் இருக்கின்றன. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் இருவரும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள். இருவரிடமும் மீட்டர் இருக்கிறது. இருவருமே முள்ளைக் காட்டுகிறார்கள். அந்த முள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பொதுமக்கள் குறைந்த தூரத்துக்குப் பேசிக்கொள்ள 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓர் அலைவரிசையை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1958-இல் திறந்துவிட்டது. ஆரம்பத்தில் 23 சானல்கள். 1977 தொடக்கத்திலிருந்து 40. இவை 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்தவை. 1973 எண்ணெய் நெருக்கடியும் அதைத் தொடர்ந்து வந்த மணிக்கு 55 மைல் வேக வரம்பும் சிபியை டிரக்குகளுக்குள் கொண்டுவந்தன. எங்கே டீசல் கிடைக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1983-இல் தனிநபர் உரிமம் வாங்க வேண்டிய தேவையையே ஆணையம் எடுத்துவிட்டது. ஆற்றல் வரம்பு மட்டும் மாறவில்லை: ஏஎம் முறையில் குரலைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை 4 வாட், ஊர்தி அலை இல்லாமல் குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் உச்சம் 12 வாட். 2021-இல் எஃப்எம் முறைக்கும் அனுமதி கிடைத்தது. (இந்தியாவிலும் 26.957–27.283 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 வாட் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் நம் லாரிகளில் இது ஒரு பழக்கமாக வேரூன்றவே இல்லை.)

செல்போன் வந்து கூட்டம் குறைந்துவிட்டது உண்மைதான். இருந்தாலும் முன்னால் விபத்து நடந்து சாலை அடைபட்டிருக்கிறது, பாலத்தில் பனி உறைந்திருக்கிறது என்றால், பின்னால் வருகிற முகம் தெரியாத அத்தனை ஓட்டுநர்களுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட, டிரக் ஓட்டுநர்கள் வழக்கமாகக் கேட்கும் 19-ஆம் சானல்தான் உதவுகிறது. அதனால்தான் இந்தப் பெட்டிகளைக் கெடுத்து அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. இது பொழுதுபோக்குப் பொருள் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

வாட் கணக்கு

4 வாட்டை 8 ஆக்கினால் குரல் இரண்டு மடங்கு தூரம் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ரேடியோ அப்படி வேலை செய்வதில்லை. ஆற்றல் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபெல். வந்து சேரும் சிக்னலின் பலத்தைக் காட்டும், கேட்பவரின் எஸ் மீட்டரில் ஒரு எஸ் அலகு என்பது முறைப்படி 6 டெசிபெல். ஆக, 4-ஐ 8 ஆக்கினால் அந்தப் பக்கம் அரை அலகு ஏறும். ஒரு முழு அலகு ஏற வேண்டுமென்றால் 16 வாட் வேண்டும். கேட்பவர் காதுக்கு அரை அலகு வித்தியாசம் பெரும்பாலும் தெரியவே தெரியாது. தூரக் கணக்கில் சொன்னால், சமதரையில் ஓடும் இரண்டு வண்டிகளுக்கு இடையே தூரம் இரட்டித்தால் போய்ச் சேரும் ஆற்றல் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்குப்படி 5 மைல் எட்டிய குரல் இரு மடங்கு ஆற்றலில் 6 மைல் எட்டும், அவ்வளவுதான். சிபி ரேடியோ வழக்கமாக 1 முதல் 5 மைல் வரைதான் பேசும் என்று ஆணையமே சொல்கிறது.

ஆற்றலைக் கூட்டினால் நம் குரல் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். அடுத்தவர் குரல் நமக்குக் கேட்பது கொஞ்சமும் கூடாது. இந்த ஒரு விஷயத்தை வாடிக்கையாளரிடம் தானாகவே எடுத்துச் சொல்கிற டெக்னீஷியனைப் பார்த்தால், பாதி நம்பிக்கையை உடனே கொடுத்துவிடலாம். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற பேச்சு அது.

ஒரே ரேடியோ, மூன்று எண்கள்

முள் எகிறுவதற்கு வருவோம். ஏமாற்று அதிகமாக நடப்பது இங்கேதான்.

ஏஎம் முறையில் மைக்கை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் ஊர்தி அலை மட்டும் போகும். அமெரிக்க சிபி வட்டாரத்தில் இதை ‘டெட் கீ’ என்பார்கள். விதிப்படி அது 4 வாட். பேசும்போது குரல் அந்த அலையின் உயரத்தை ஏற்றி இறக்குகிறது, அதுதான் பண்பேற்றம். 100 சதவீதப் பண்பேற்றத்தில் அலையின் உயரம் உச்சத்தில் இரண்டு மடங்காகும். ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது 16 வாட். சீரான விசில் ஒலியை முழுப் பண்பேற்றத்தில் கொடுத்தால் சராசரி 6 வாட் வரும். ஆகவே பழுதில்லாத, சட்டத்துக்கு உட்பட்ட, யாரும் கைவைக்காத ஒரு ரேடியோவுக்கு 4, 6, 16 என்ற மூன்று எண்களுமே உண்மை. எந்த எண் தெரியும் என்பது மீட்டர் சராசரியைக் காட்டுகிறதா, உச்சத்தைக் காட்டுகிறதா என்பதைப் பொறுத்தது.

பல மீட்டர்களில் இந்த இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் உண்டு. முதலில் பேசாமல் அழுத்தி 4 காட்டிவிட்டு, பிறகு சுவிட்சைத் தள்ளி உரக்கப் பேசினால் 16 காட்டலாம். ரேடியோவின் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். ‘முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு’ என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒரே மீட்டரில், ஒரே நிலையில், ஒரே ஒலியை வைத்து அளந்தவையா என்று கேளுங்கள். மீட்டரின் அளவு வீச்சும் முக்கியம். தொழில்முறைக்காரர்கள் மதிக்கும் பேர்ட் 43 மீட்டருக்கே முழு அளவில் 5 சதவீதம் வரை பிழை உண்டு. அதில் 100 வாட் வரை அளப்பதற்கான செருகு துண்டை (எலிமெண்ட்) மாட்டி 4 வாட் ரேடியோவை அளந்தால், 5 வாட் வரை தப்பாகக் காட்ட அதற்கு இடம் இருக்கிறது. அளக்கும் பொருளைவிடப் பிழை பெரிதாகிவிட்ட அளவு அது.

‘ஸ்விங்’ என்று விற்கப்படுவது இதற்கு அடுத்த படி. டெட் கீயை 1 வாட்டுக்கு இறக்கிவிட்டு, குரல் பகுதியைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிடுவார்கள். பேசாதபோது முள் தரையில் கிடக்கும். பேசினால் 20-க்குத் தாவும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணமும் உண்டு. ரேடியோவுக்குப் பின்னால் சட்டவிரோதமாகப் பெரிய ஆம்ப்ளிஃபையரை மாட்டுகிறவர்கள், அது ஊர்தி அலையிலேயே வெந்துபோகாமல் இருக்க, உள்ளே போகும் அலையைக் குறைத்து வைப்பார்கள். ஆம்ப்ளிஃபையரே இல்லாத சாதாரண ஓட்டுநருக்கு இதே மாற்றத்தைச் செய்து கொடுப்பது அவருக்குத் தீங்கு செய்வதுதான். சிக்னல் வராதபோது இரைச்சல் கேட்காமல் ஒலியை அடைத்து வைப்பது ஸ்குவெல்ச்; கேட்பவரின் ரேடியோவில் அந்தக் கதவைத் திறப்பது ஊர்தி அலை. இரைச்சலை அடக்குவதும் அதுதான். அதை 4-லிருந்து 1-க்கு இறக்கினால், வாடிக்கையாளர் காசு கொடுத்து ஒரு முழு எஸ் அலகை இழந்துவிட்டார் என்று பொருள். பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு அவர் குரல் அதிர அதிரக் கேட்கும். நாலு மைல் தள்ளி இருப்பவருக்கு ஸ்குவெல்ச்சே திறக்காது.

இன்னொரு கோளாறும் அதோடு சேர்ந்து வரும். ஊர்தி அலையின் அளவை மீறிக் குரல் ஏறும்போது, மேல்பக்கம் உயர்வது போலவே கீழ்ப்பக்கம் அலை பூஜ்யத்தைத் தொட்டுச் சில கணங்கள் அறுந்துபோகும். அறுந்து அறுந்து போகும் அலை தன் சானலுக்குள் அடங்கி இருக்காது; இரண்டு பக்கமும் சிதறும். அதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் உள்ளே தானியங்கிப் பண்பேற்றக் கட்டுப்பாடு ஒன்றை வைக்கிறார்கள். பொதுவாக ஒரு டிரான்சிஸ்டரும் சில சிறு பாகங்களும்தான் அது. ‘லிமிட்டரை வெட்டுவது’ என்று கடைகளில் சொல்வது, கட்டிங் பிளையரால் அதில் ஒரு காலை நறுக்கி எடுப்பதைத்தான். ஒரு நிமிட வேலை. அதற்கும் கட்டணம் வாங்குவார்கள். அதன்பின் அந்த ரேடியோவில் பேசுவது ஒலிபெருக்கியின் வாயில் வாயை வைத்துக் கத்துவது போல இருக்கும்: சத்தம் உண்டு, சொல் விளங்காது.

மீட்டருக்குத் தெரியாதவை

வாட் மீட்டருக்குத் தெரியாத இன்னொன்று, எந்த அலைவரிசையில் எவ்வளவு போகிறது என்பது. 27 மெகாஹெர்ட்ஸில் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி 54-லும் 81-லும் 108-லும் கசிந்தாலும், மீட்டர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும். சட்டப்படி இந்த மடங்கு அலைகள் முதன்மை அலையைவிடக் கிட்டத்தட்ட 60 டெசிபெல் கீழே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, இருக்க வேண்டும். அதற்காகவே ஆன்டெனா பக்கம் வடிகட்டிச் சுற்றுகள் இருக்கின்றன. பழைய நாளில் 54 மெகாஹெர்ட்ஸில்தான் டிவியின் 2-ஆம் சானல் தொடங்கும். சிபிக்காரர் பேசினால் பக்கத்து வீட்டு டிவியில் கோடு ஓடுவது இதனால்தான். அந்த வடிகட்டிக் காயிலைத் திருகினால் மீட்டரில் அரை வாட்டோ ஒரு வாட்டோ கூடித் தெரியலாம். கூடியது குரலா, குப்பையா என்று ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருந்தால்தான் சொல்ல முடியும். நான்காம் மடங்கு போய் விழுகிற 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் இருக்கின்றன. விளையாட வேண்டிய இடம் இல்லை அது.

ரிசீவர் பக்கமும் வித்தை உண்டு. ‘ரிசீவை ஏற்றிவிட்டேன்’ என்பார்கள். எஸ் மீட்டரின் முள் எவ்வளவு விலக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உள்ளே ஒரு சின்ன டிரிம்மர் இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால், அதே சிக்னலுக்கு முள் கூடுதலாக ஏறும். ஒரு சொல்கூட முன்னைவிடத் தெளிவாகக் கேட்காது. ஆனால் 5 காட்டியது 8 காட்டும்போது யாருக்கும் காது தீட்டிவிட்டது போலவே இருக்கும். உண்மையிலேயே உணர்திறனைக் கூட்டினாலும் பெரிய பயன் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலும் வண்டி எஞ்சினின் இரைச்சலும் ரேடியோவின் சொந்த இரைச்சலைவிட அதிகம். சிக்னலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். பக்கத்தில் பலமான டிரக் ஒன்று பேசினால் ரேடியோ திக்குமுக்காடும்.

எக்கோ, பேசி முடித்ததும் ‘பீப்’ அடிப்பது போன்றவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சிலருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்காது. என்ன மாட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு மாட்டினால் அது ஏமாற்று ஆகாது.

அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றிப் ‘பெரியது’ போடுவதிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிட்சுபிஷி தயாரித்த 2எஸ்சி1969 ஒரு காலத்தில் பல சிபி ரேடியோக்களின் இதயமாக இருந்தது. தயாரிப்பு நின்றபின் அதே எண்ணைப் பொறித்த போலிகள் சந்தையில் பெருகிவிட்டன. நல்ல டெக்னீஷியன் பாகத்தை எங்கே வாங்கினார் என்று சொல்வார். கழற்றிய பழையதைக் கையில் கொடுப்பார். போலியைப் போட்டு, அது தாங்காத ஆற்றலுக்கு முறுக்கிவிட்டு, கோடைகாலத்தில் மூடிய டிரக் கேபினில் அது வெந்ததும், ‘உங்கள் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) சரியில்லை’ என்று பழியை ஆன்டெனாமேல் போடுகிறவர்களும் உண்டு.

நேர்மையான கை எப்படி இருக்கும்

ரேடியோவை நீட்டியதும் ‘எத்தனை வாட் வேண்டும்?’ என்று கேட்கிறாரா, ‘என்ன குறை?’ என்று கேட்கிறாரா? என் அனுபவத்தில் இந்த முதல் கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடும். நல்ல டெக்னீஷியன் அடுத்து ஆன்டெனாவைப் பற்றிக் கேட்பார். எந்த வகை, எங்கே மாட்டியிருக்கிறது, கேபிள் எத்தனை வருஷப் பழசு. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நம்ப மாட்டோம், இதுவும் அப்படித்தான்.

அவர் மேசையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி ஆற்றலைச் சூடாக்கி விழுங்கும் 50 ஓம் டம்மி லோடு, அலைவரிசை எண்ணி, அலையின் உருவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் இருக்கும். அல்லது எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய சர்வீஸ் மானிட்டர் இருக்கும். காயில்களைத் திருக உலோக ஸ்குரூடிரைவரை எடுக்க மாட்டார். பிளாஸ்டிக் கருவிதான். உலோகம் கிட்டே போனாலே காயிலின் அளவு மாறும். மேலும் உள்ளே இருக்கும் ஃபெரைட் துண்டு எளிதில் விரிசல் விடும். அளக்காமல் கண்டதைத் திருகுகிறவர்களை அமெரிக்க ரேடியோக்காரர்கள் ‘தங்க ஸ்குரூடிரைவர்’ என்று அழைக்கிறார்கள். விரிசல் விட்ட காயில்களோடு அவர்கள் மேசையிலிருந்து வருகிற ரேடியோக்களைச் சரிசெய்வதே பல நல்ல டெக்னீஷியன்களுக்குப் பாதி வேலை.

டியூன் செய்வதே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சாலையிலிருந்து வந்த ரேடியோ 3 வாட்டிலும் 70 சதவீதப் பண்பேற்றத்திலும் நிற்கலாம். பத்து வருஷம் அதிர்ந்து ஓடிய பெட்டியில் அலைவரிசை நகர்ந்திருக்கலாம். விதி அனுமதிக்கும் விலகல் பத்து லட்சத்தில் 50 பங்கு. 27 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.35 கிலோஹெர்ட்ஸ். சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசைப்படி இதையெல்லாம் மீண்டும் 4 வாட்டுக்கும் முழுப் பண்பேற்றத்துக்கும் கொண்டுவந்தால், 70-லிருந்து 100-க்கு ஏறிய பண்பேற்றத்தைக் கேட்பவரின் காது உணரும். அது காசுக்குத் தகுந்த வேலை. ஆனால் அதன் எல்லை அங்கேயே முடிகிறது. எல்லையைத் தாண்டினால் ஆணையத்தின் சான்று பெற்ற ரேடியோ அந்தச் சான்றை இழக்கிறது.

உண்மையில் கடைக்கு வரும் பழுதுகள் பெரும்பாலும் கவர்ச்சியே இல்லாதவை. மைக் கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கும். பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்ததில் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். சாலிடர் விட்டுப்போயிருக்கும். இருபது முப்பது வருஷப் பெட்டியில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வறண்டிருக்கும். இதில் எதைச் சரிசெய்தாலும் முள் எகிறாது. அதனால்தான் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர்களுக்குப் பலகையில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

பணத்தை எங்கே போடலாம் என்று அவரிடம் கேட்டால் ஆன்டெனாவில் என்பார். 27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். கால் அலைநீள ஆன்டெனா என்றால் 102 அங்குலக் கம்பி. வண்டிகளில் இருப்பவை அதைக் காயில் சுற்றிச் சுருக்கியவை. எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு ஆற்றல் சூடாகப் போகும். நல்ல நீளமான ஆன்டெனாவை உயரமான இடத்தில், வண்டியின் உலோக உடம்போடு சரியான தொடர்பில் பொருத்தினால் பேசுவதும் கேட்பதும் இரண்டுமே கூடும். எந்த டிரான்சிஸ்டரும் இதைத் தர முடியாது. 1-ஆம் சானலிலும் 40-ஆம் சானலிலும் எஸ்டபிள்யூஆர் அளந்தால், 1-இல் கூடுதல் என்றால் ஆன்டெனா குட்டை, 40-இல் கூடுதல் என்றால் நெட்டை. ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். 3-க்கு 1 என்றால் நாலில் ஒரு பங்கு ஆற்றல் திரும்பி வருகிறது, அது கவலைப்பட வேண்டியது. 1.5-இல் திரும்புவது வெறும் 4 சதவீதம், அதை 1.1 ஆக்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர் ஒன்றுமில்லாததை விற்கிறார். எஸ்டபிள்யூஆர் நன்றாக இருப்பதாலேயே ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. டம்மி லோடு 1-க்கு 1 காட்டும். அதிலிருந்து ஒரு குரலும் வெளியே போகாது. தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கேபிளும் ஆற்றலை விழுங்கிவிட்டு அழகான எண்ணைக் காட்டும். கேபிள் கட்டாயம் 18 அடிதான் இருக்க வேண்டும் என்று சொல்லி விற்பதும் இந்த வகைதான்.

ரேடியோவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, கடை வாசலில் நிற்கிற வண்டியிடம் ‘எப்படிக் கேட்கிறது?’ என்று கேட்காதீர்கள். அவ்வளவு பக்கத்தில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு மூன்று மைல் போனபின், 19-இல் யாரையாவது கூப்பிட்டு, தன் ரேடியோவை 18-க்கும் பிறகு 20-க்கும் மாற்றிக் கேட்கச் சொல்லிவிட்டு, இயல்பான குரலில் பத்து வரை எண்ணுங்கள். 19-இல் சொல் சொல்லாகத் தெளிவாகக் கேட்டு, அக்கம்பக்கத்துச் சானல்களில் ஒன்றுமே கேட்கவில்லை என்று அவர் சொன்னால், அந்தக் கடையின் பெயரை நண்பர்களிடம் தயங்காமல் சொல்லலாம். மூன்றிலும் நீங்கள் கேட்கிறீர்கள் என்று அவர் வியந்து பாராட்டினால், அடுத்த நிறுத்தத்தில் ரேடியோவைத் திறந்து, வெட்டப்பட்ட அந்த லிமிட்டரை மீண்டும் இணைத்துத் தரக்கூடியவரைத் தேட வேண்டும்.